எரியாத மீட்டர்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் மறுபடியும் மீட்டர் எரியவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரே இருட்டு. வேகம் இல்லை, பெட்ரோல் அளவு இல்லை. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் பழைய ஹைப்ரிட் வண்டி; கிளம்பும்போது எஞ்சின் சத்தமும் வராது. ஓடுகிறதா இல்லையா என்பதையே அந்தத் திரை சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்சீட்டில் என் வீட்டுக்காரர். ஒரு காலை வெட்டி எடுத்ததிலிருந்து கதவில் முதுகைச் சாய்த்து, மற்றதைச் சீட்டின் நீளத்துக்கு நீட்டித்தான் உட்கார முடிகிறது. அங்கிருந்து அவருக்கு மீட்டர் தெரியாது. "எரியுதா?" என்றார். இல்லை என்றேன்.

"நீ தொட்டா எதுதான் எரியும்?"

டயாலிசிஸ் முடிந்து மதியம் திரும்பும்போது பளிச்சென்று எரிந்தது.

ஜனவரி 8, வியாழன்

கார் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒயரைத் தொட்டே குறை சொல்வார் என்று பெயர். சர்க்கரை நோய் விரல்களை மரக்கச் செய்துவிட்டது, ஸ்பூன்கூட நழுவுகிறது. வாய் மட்டும் மரக்கவில்லை. டிக்கியில் இருக்கும் சின்ன பேட்டரிதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். பெரிய பேட்டரியின் மின்சாரம் ஓடும் ஆரஞ்சு ஒயர் பக்கம் கை வைத்தால் நான் கரிக்கட்டையாகிவிடுவேனாம், அப்புறம் அவருக்குச் சோறு போட வேறு ஆள் தேட வேண்டுமாம்.

ஜனவரி 10, சனி

புது பேட்டரி. காலையில் அதே இருட்டு. நான்தான் டெர்மினலைச் சரியாக முடுக்கவில்லையாம்.

ஜனவரி 13, செவ்வாய்

மதியம் ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். அங்கே சமர்த்தாக எரிந்தது. காலையில் எரியாது என்று நான் சொல்லச் சொல்ல, அங்கிருந்த ஆள் என்னையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்படியே பழுது என்றாலும் முழு மீட்டரையும் மாற்ற வேண்டுமாம். இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லையாம்.

சாயங்காலம் அவர் போனில் நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. இவ கைக்குப் போனதுலேர்ந்து அதுக்கும் என் நிலைமைதான்." நான் அப்போது அவர் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

குளிர்ந்த காலையில் இருட்டு. வெயிலில் நின்ற பிறகு வெளிச்சம். இத்தனை நாளாக இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

விடிந்ததும் அவர் எழுவதற்கு முன் ஹேர் டிரையரை வண்டிக்குள் கொண்டுபோனேன். டாஷ்போர்டுக்கு மேலே கொஞ்ச நேரம் சூடு காட்டினேன். மீட்டர் எரிந்தது. அப்படியானால் குறை பேட்டரியில் இல்லை, மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் ஒன்று குளிரில் சோர்ந்துபோகிறதாக இருக்கலாம். அவர் வேலை செய்யும்போது எதிரில் உட்கார்ந்து எவ்வளவு கேட்டிருக்கிறேன்.

ஓடிப்போய்ச் சொன்னேன். "தலை காய வைக்கிற மெஷினை வெச்சு வண்டி பாக்குறாளாம்" என்று சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கேட்டார். அவருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். அளந்து கொடுத்தேன்.

ஜனவரி 24, சனி



இந்த வண்டியில் கியர் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் நடுவுக்கே திரும்பிவிடும். எந்த கியரில் இருக்கிறது என்று மீட்டர்தான் காட்ட வேண்டும். முன்னால் போகும் என்று நினைத்து மிதித்தேன், பின்னால் போய் கேட் தூணில் இடித்தது. அவர் சீட்டிலிருந்து உருண்டு விழுந்தார். புண் பிரிந்து ரத்தம். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார், என்னைக் கொல்லப் பாக்குறா, கொல்லப் பாக்குறா என்று. பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவரைத் தூக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் கொல்லப் பாக்குறேனாம். வேளாவேளைக்கு ஊசி போட்டு, சீழ் துடைச்சு, மூத்திரம் எடுத்து— கொல்லணும்னா அதுக்கு வண்டி எதுக்கு? அந்த ஊசி ஒண்ணு போதாதா?

ஜனவரி 25, ஞாயிறு

அவருடைய டூல் பாக்ஸை எடுத்து என் தையல் மெஷினுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவரைக் கேட்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

செய்துவிட்டேன்.

அவரை டயாலிசிஸ் மெஷினில் இணைத்ததும் வீட்டுக்கு ஓடி வந்தேன். பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். டாஷ்போர்டு மூடியைப் பிரித்தபோது ஒரு கிளிப் உடைந்தது, போகட்டும். மீட்டரை வெளியே எடுத்துத் தையல் மேசையில் வைத்துத் திறந்தேன். சர்க்யூட் பலகையில் ஒரு கெப்பாசிட்டரின் அடியில் எண்ணெய் கசிந்த மாதிரி ஈரம். அதேபோல் ஒன்றை ரேடியோ கடையில் வாங்கி வைத்திருந்தேன். பழையதை எடுத்து, பட்டை போட்ட பக்கம் மாறாமல் புதியதை வைத்து, அவருடைய சூட்டுக்கோலால் ஈயம் உருக்கிச் சோல்டர் வைத்தேன். இடது ஆள்காட்டி விரலில் சூடு. கத்தக்கூட நேரமில்லை.

மறுபடி மாட்டியதும் எரிந்தது. ஆனால் மதியத்தில் அது எப்போதும் எரியுமே? அவர் காலுக்கு வைக்கும் ஐஸ் பையைத் துணியில் சுற்றி மீட்டர் சில்லிட்டுப் போகும்வரை அதன் மேல் வைத்திருந்தேன். அணைத்துப் போட்டேன். எரிந்தது. இன்னொரு தடவை. எரிந்தது. வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன், பைத்தியம் மாதிரி.

ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிவிட்டது. வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். நர்ஸிடம் அவர் சொன்னார்: "இதுக்கு ஒரு நாய் வளத்திருக்கலாம். சொன்ன நேரத்துக்கு வாசல்ல நின்னிருக்கும்." அந்தப் பெண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

வண்டியில் ஏற்றினேன். "எரியுதா?" என்றார்.

எல்லாம் எரிந்துகொண்டிருந்தது, பச்சையும் நீலமுமாக.

"இல்ல. எரியல."

கொஞ்ச தூரம் போன பிறகு, "மெதுவாப் போ" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

ஜனவரி 29, வியாழன்

இன்றும் எரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 7, சனி

எவ்வளவு வேகத்தில் போகிறாய் என்று கேட்டார். "யாருக்குத் தெரியும்? எழுபது இருக்கும்" என்றேன். முப்பத்தெட்டு காட்டியது. கண்ணாடியில் பார்த்தேன், கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

சந்தோஷமாக இருக்கிறது. வேறென்ன எழுத?

பிப்ரவரி 19, வியாழன்

லாரிக்குப் பின்னால் வேண்டுமென்றே சட்டென்று பிரேக் போட்டேன். "அம்மா" என்றார், மெல்ல.

ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டதற்கு, உன் இஷ்டம் என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒரு பதில் கேட்டதில்லை.

மார்ச் 3, செவ்வாய்

சிக்னலில் இண்டிகேட்டர் போட்டு நின்றிருந்தேன்.

"டிக் டிக்னு கேக்குதா?" என்றார்.

கேட்கிறது என்றேன்.

"அந்தச் சத்தம் மீட்டருக்குள்ளேர்ந்து வருது. மீட்டர் செத்தா அதுவும் செத்துடும். ஒரு மாசத்துக்கு மேலயா கேட்டுக்கிட்டிருக்கேன்."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

"அப்புறம் எரியுதான்னு எதுக்குத் தினம் கேட்டீங்க?"

"நீ எத்தனை நாள் வாய் கூசாம பொய் சொல்றேன்னு பாத்தேன்."

கேட்டுக்குள் வண்டியை நிறுத்தினேன். இறக்கும்போது, சோல்டர் வைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். என் விரலில் இருந்த தழும்பைப் பார்த்தார். "ஒழுங்காப் பிடிச்சிருக்காது. சீக்கிரமே விட்டுடும்."

மீட்டர் எரிவது தெரிந்திருந்தால், கைப்பிடியை ஏன் அப்படிப் பிடித்திருந்தார்? அதுவும் நடிப்பா? வேகத்துக்குப் பயப்படவில்லை என்றால் எதற்கு— யாருக்கு—

மார்ச் 5, வியாழன்

இனி இந்த வண்டியில் ஏற மாட்டாராம். அவரே நர்ஸுக்குப் போன் செய்து ஆஸ்பத்திரி வேனுக்குச் சொல்லிவிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

வேனுக்குப் புது டிரைவர். அவரைத் தூக்கி உள்ளே வைத்து பெல்ட் போட்டுவிட்டு, கேட்டுக்குள் நிற்கும் காரைப் பார்த்தார். வீட்டிலேயே கார் இருக்கும்போது எதற்கு இந்தச் சிரமம், இதில் ரொம்பக் குலுக்குமே என்றார். நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"அதுல மீட்டர் எரியாது."

என்னைப் பார்க்கவில்லை. நானும் இல்லை என்று சொல்லவில்லை. டிரைவர் தலையாட்டிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

வேன் திரும்பும்வரை நின்றுவிட்டு, தைத்துவைத்த துணிகளைக் கொடுத்துவர எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினேன். காலைக் குளிர். மீட்டர் காட்டிய நாற்பதிலேயே போனேன்.