கப்பல் பலகைக்கு ஒரு மெத்தை

மாயாபந்தர், அந்தமான்
2-9-1966

அன்புள்ள ஜெயமணிக்கு,

பரமசிவம் எழுதுவது. நானும் பூங்கோதையும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டேன், இனி உள்ளதை எழுதுகிறேன். போன இரண்டு கப்பல் தபாலிலும் உன் கையெழுத்து இல்லை. மெட்ராஸிலிருந்து உன் தம்பி ஜம்புலிங்கம்தான் எழுதியிருந்தான். வயிற்றுக் கட்டியைப் புரட்டாசி முடிவதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம். நீயோ மாட்டவே மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாயாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்டோரில் சிமெண்டு கேட்டவனுக்கு ஆணிப்பெட்டியை ஏற்றி அனுப்பி, ஓவர்சீயரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீ சொன்ன காரணத்தையும் எழுதியிருந்தான். வயிற்றைக் கிழித்துத் தைத்த பிறகு அந்தக் கப்பலில் வெறும் பலகையில் புரண்டுகொண்டு எப்படி மாயாபந்தர் போய்ச் சேருவது, நடுக்கடலில் தையல் பிரிந்து சாவதற்கு அம்மா வீட்டிலேயே கிடக்கிறேன் என்றாயாம். அதோடு விட்டாயா? பெட்டிக்கடியில் கிடக்கும் பாதிப் போர்வையைச் சாருபாலா தீதிக்குக் கொடுத்துவிடச் சொல், இனிமேல் யார் உட்கார்ந்து தைக்கப்போகிறார்கள் என்றாயாம். என்ன பேச்சடி இது?

நீ சொன்னதைத் தட்டக்கூடாது என்று போர்வையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகத்தான் செய்தேன். தீதி சொந்த அக்காவைப் போல அக்கறையாக அதை விரித்துப் பார்த்தார். உன் பழைய சுங்குடிப் புடவை, பூங்கோதையின் கவுன்கள், என் காக்கிச் சட்டை எல்லாம் ஒட்டுப்போட்டு நடுவில் மட்டும் தைத்திருந்தது. ஓரத்தில் நீ குத்திவைத்த ஊசி நூலோடு அப்படியே இருந்தது. தீதியின் முகம் மாறிவிட்டது. ஊசி குத்தி வைத்திருக்கிற துணியை நான் வாங்க மாட்டேன், ஜெயமணி வந்து அவள் கையாலேயே எடுக்கட்டும் என்று தன் இந்தியில் படபடவென்று பொரிந்து தள்ளிவிட்டு, மூலையோடு மூலை சேர்த்து மடித்து என் கையிலேயே திணித்துவிட்டார். பாரிஷ் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை அங்கேயே மறந்துவிட்டுப் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

வாசற்படியில் நின்று தலை துவட்டும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பலகைதானே உனக்குப் பயம்? சரி, பலகைக்கு ஒரு மெத்தை தைத்துவிட்டால் என்ன சொல்வாய்?

நம் படகுத்துறை ஜெட்டியில் வேலை பார்க்கும் பன்னீர்செல்வம் ஆபீஸ் வேலையாகப் போர்ட் பிளேர் போனான். மெட்ராஸ் போகும் மெயின்லாண்ட் கப்பல் நிற்கும், ஏறிப்போய்ப் படுக்கிற பங்க் பலகையை அளந்துகொண்டு வா என்று என் துண்டுகள் இரண்டைக் கொடுத்தனுப்பினேன். ஒன்றோடு ஒன்று முடிந்து, நீளத்துக்கு ஒரு முடிச்சும் அகலத்துக்கு ஒரு முடிச்சும் போட்டுக் கொண்டுவந்தான். கப்பல்காரர்கள் இவனைப் பைத்தியம் என்று நினைத்தார்களாம். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஜெயமணி, கோபித்துக்கொள்ளாதே, உன் போர்வையில் கத்தரி வைத்தேன். ஓர் அங்குலம் வெட்டுவதும் நிறுத்துவதுமாக நான் இருந்ததைப் பார்த்துவிட்டு, நான் பிடிக்கட்டுமா அப்பா என்று பூங்கோதை கேட்டாள். போ உள்ளே என்று விரட்டிவிட்டேன், பாவம். அவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டியும் தப்பாகிவிட்டது. துணியைப் பல மடிப்பாக அடுக்கித் தைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது எனக்கு எங்கே தெரியும்? கால்மாட்டில் ஒரு சாண் குறைந்துவிட்டது. வெட்டிய பிறகு யோசனை கேட்க வருகிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்று தீதி தலையில் அடித்துக்கொண்டார். என் பழைய காக்கிக் கால்சட்டையைக் கிழித்து அந்த ஒரு சாணை ஒப்பேற்றியிருக்கிறேன். பார்க்க அவலட்சணமாகத்தான் இருக்கும், காலுக்குத்தானே என்று பொறுத்துக்கொள்.

இலவம் பஞ்சுக்காக என் தலையணையைப் பிரித்தேன். இந்த ஈரத்தில் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு முதுகை உறுத்தும் என்று தீதி தடுத்துவிட்டார். அதனால் முழுக்கப் பழம்புடவைகள்தான், அவர் வீட்டுப் புடவையும் இரண்டு உள்ளே இருக்கிறது. சாக்குத் தைக்கும் கோணி ஊசியால் தைத்தேன். தையல் கோணல்மாணலாக ஓடும், ஆனால் யானை இழுத்தாலும் பிரியாது. டாக்டர் போடும் தையலும் அப்படித்தான் இருக்கும், நீ வீணாகப் பயப்படாதே. இரண்டு பக்கமும் நாடா வைத்திருக்கிறேன். பலகைக்கு அடியில் கொடுத்துக் கட்டிவிட்டால் கப்பல் எவ்வளவு ஆடினாலும் மெத்தை நகராது. சுங்குடிப் பக்கம் மேலே வரட்டும், அதுதான் மெத்தென்று இருக்கிறது.

உன் ஊசி குத்தியிருந்த ஓரத்தை மட்டும் நான் மெத்தையில் சேர்க்கவில்லை. ஊசியும் நூலுமாக அதைக் கற்பூரம் போட்டுப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன். உன் தலையணையையும் யாரும் தொடவில்லை.

நானே புறப்பட்டு வந்திருப்பேன். மாற்று ஆள் வந்து ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டால்தான் லீவு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்கள். திக்லிபூரிலிருந்து வரவேண்டிய ஆளுக்குக் காய்ச்சலாம். அவன் எழுந்த அன்றைக்கே பூங்கோதையைத் தீதியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஆனால் எனக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. நான் வருவதற்குள் எல்லாம் முடிந்து, நீ கஞ்சி குடித்துக்கொண்டு என்னைத் திட்டுவதற்குத் தயாராக இருக்கவேண்டும்.

பூங்கோதை பள்ளிக்கூடம் போகிறாள். தலைவாரி விட எனக்கு வரவில்லை, தீதிதான் பின்னிவிடுகிறார். அம்மாவுக்கு என்ன உடம்பு என்று முன்பெல்லாம் கேட்பாள். இப்போது கேட்பதில்லை. அவள் கேட்காதது எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

பன்னீர்செல்வம் லீவில் மெட்ராஸ் வருகிறான், அவனிடம்தான் இந்தக் கடிதத்தையும் மெத்தையையும் கொடுத்தனுப்புகிறேன். கடல் சரியில்லை, போட் எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை. ஜெட்டிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கிறேன். கையில் கிடைத்ததும் ஜம்புலிங்கத்தைத் தபாலாபீசுக்கு ஓடவிட்டு, சம்மதம் என்று ஒரே ஒரு வார்த்தை தந்தி கொடு. நம்மூர் போஸ்ட்மாஸ்டர் தூரத்தில் என்னைக் கண்டாலே ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டிவிடுகிறார். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. மெத்தை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை விரிக்காதே, அந்தக் கட்டிலுக்கு அது பொருந்தாது. உன் அம்மா வீட்டுத் தரைக்கும் வேண்டாம். அது கப்பல் பலகைக்கென்று தைத்தது. மெட்ராஸில் அதைப் பிரிக்கவே பிரிக்காதே, சுருட்டிக் கட்டியபடியே தலைமாட்டில் வைத்துக்கொள். இந்தப் பக்கம் வரும் கப்பலில் ஏறிய பிறகு, நீ உன் கையால் பிரித்து விரிக்க வேண்டும்.

முருகன் உனக்குத் துணையிருப்பான்.

உன் தந்திக்காகக் காத்திருக்கும்,
பரமசிவம்