இரண்டாம் இயந்திரம் வேலை செய்கிறது என்று நான் சொன்னது குறித்து

அனுப்புநர்:
முதுநிலைப் பகுப்பாய்வாளர்,
குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்.
(சார்ஜிங் பயனர் எண் 40716)

பெறுநர்:
மேற்பார்வைப் பொறியாளர் அவர்கள்,
பொதுச் சார்ஜிங் நிலையங்கள் பிரிவு,
மின் வழங்கல் கழகம்.

பொருள்: நூலக வளாக விரைவு சார்ஜிங் நிலையம் – இரண்டாம் இயந்திரம் பழுதான நிலையிலும் செயலியில் "தயார்" என்று காட்டுவது – அதனால் ஒரு நோயாளிக்கு நேர்ந்த இழப்பு – அதில் மனுதாரரின் பங்கு – உடனடி நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: (1) முதலாம் இயந்திரம் குறித்த என் புகார், சென்ற ஆண்டு ஏப்ரல் 3.
(2) இரண்டாம் இயந்திரம் குறித்த புகார்: எதுவும் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மூன்று ஆண்டுகளாக மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். வாடகை வீடு, மூன்றாவது தளம். வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லை. நூலக வளாகத்தில் உள்ள தங்கள் நிலையத்தையே நம்பியிருக்கிறேன். அங்கே இரண்டு விரைவு இயந்திரங்கள் உள்ளன.

2. முதலாம் இயந்திரம் பழுதென்று சென்ற ஆண்டு ஏப்ரலில் முறைப்படி புகார் செய்தேன். ஆறாம் நாள் தங்கள் பணியாளர் இருவர் வந்தனர். இயந்திரத்தைத் திறந்து, உள்ளிருந்து ஒரு பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போயினர். பதினொரு மாதங்கள் ஆகின்றன. நாடா வெயிலில் வெளுத்துவிட்டது. பலகை திரும்பி வரவில்லை.

3. சென்ற செப்டம்பரில் இரண்டாம் இயந்திரமும் கோளாறு செய்யத் தொடங்கியது. வண்டியில் செருகும் கைப்பிடி கனமானது. அதன் பூட்டு தேய்ந்துவிட்டதால், சொந்தப் பாரத்திலேயே கைப்பிடி சற்றுத் தொங்கி இணைப்பு அறுந்துவிடும். கைப்பிடியைக் கீழிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் மின்சாரம் பாயும். இதைக் கண்டுபிடித்தவர் ஒரு டாக்சி ஓட்டுநர். எண்பது விழுக்காடு ஏறியதும் அடுத்தவருக்கு இடம் விட்டுவிடுவார் என்பதால் அவரை எல்லோரும் "எண்பது" என்றே கூப்பிடுவோம். முதலில் அவர் ஒரு பழைய துண்டைக் கைப்பிடியில் சுற்றி, மறுமுனையைக் கார் கதவிடுக்கில் வைத்துச் சாத்திக் கட்டினார்.

4. துண்டு நழுவியது. அதைச் சீர்செய்தவள் நான். நீளத்தை அளந்து, நிலையத்தை ஒட்டிய தையல் கடையில் தோள்பைக்கு வைக்கும் கெட்டியான பட்டையில் வளையம் வைத்துத் தைக்கச் சொன்னேன். ஒருமுனை கதவிடுக்கில், மறுமுனை வளையத்தில் கைப்பிடி. மிகச் சரியாக அமைந்தது. வழக்கமாக வருகிற ஏழு பேருக்கு ஏழு பட்டைகள். ஒரு பட்டையை நிலையத்திலேயே விட்டுவைத்தபோது துப்புரவுப் பணியாளர்கள் குப்பையோடு அள்ளிவிட்டார்கள். அதன் பிறகு அவரவர் பட்டையை அவரவர் வண்டியிலேயே வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று.

5. எங்கள் எழுவருக்கும் கைப்பேசியில் ஒரு குழு உண்டு. அதில் அக்டோபர் 2 அன்று நான் எழுதியதை மாற்றாமல் தருகிறேன்: "இரண்டாவது மெஷின் பத்தி யாரும் கம்ப்ளெயின்ட் பண்ண வேண்டாம். பண்ணா இதுக்கும் மஞ்சள் நாடாதான்." ஆறு பேர் ஆமோதித்தனர். இந்த மனுவில் தங்கள் அலுவலகத்தைக் குறை கூறும் ஒவ்வொரு வரியையும் தாங்கள் இந்த வரியோடு சேர்த்தே படிக்க வேண்டுகிறேன்.

6. நாங்கள் பட்டை கட்டிச் சார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும், தங்கள் செயலி அந்த இயந்திரத்துக்குப் பச்சை நிறம் காட்டி, "கடைசியாகச் சார்ஜ் ஆன நேரம்" என்று எங்கள் நேரத்தையே அதன் கீழே போடும். தோல்வியடைந்த முயற்சிகளை அது கணக்கில் எடுப்பதில்லை. இது எனக்குத் தெரியும். தண்ணீரில் கிருமி இருந்தால் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திடுவது என் தொழில். இருபத்து மூன்று ஆண்டுகளில் ஒருமுறையும் மாற்றி எழுதியதில்லை. இயந்திரத்தின் விஷயத்தில் ஐந்து மாதங்களாக மாற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

7. பிப்ரவரி 19, பிற்பகல் 2.05-க்குச் சார்ஜ் முடிந்தது. பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு 2.15-க்குக் கிளம்பினேன். பின்னிருக்கையில் ஐஸ் பெட்டியில் பன்னிரண்டு நீர் மாதிரிகள் இருந்தன. மூன்று மணிக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். வாயிலில் ஒரு நீலக் கார் எதிரே வந்தது. ஓட்டி வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், மடியில் ஒரு கோப்பு. அந்தப் பெண் கண்ணாடியை இறக்கி, "மேடம், இது வேலை செய்யுதுல்ல?" என்று கேட்டாள். "செய்யுது" என்று சொன்னேன். சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

8. ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். பட்டையைப் பற்றி விளக்க ஐந்து நிமிடமாவது ஆகும். பிறகு பட்டையைக் கொடுக்க வேண்டும். திருப்பி வாங்கக் காத்திருக்க வேண்டும். அறிமுகமில்லாதவர்களிடம் நான் அதிகம் பேசுகிறவளும் அல்ல. இவை காரணங்கள். ஐஸ் பெட்டியையும் காரணமாகச் சொல்லலாம். ஆனால் அன்று நான் கூடத்தை அடைந்தபோது மணி 2.40.

9. பிப்ரவரி 27 அன்று பட்டையின் வளையம் பிரிந்ததால் தையல் கடைக்குப் போனேன். வளையத்தைத் திருப்பிப் பார்த்தபடி தையல்காரப் பெண் சாதாரணமாகத்தான் சொல்லத் தொடங்கினார்: "அன்னிக்கு நீங்க அப்படிப் போனீங்க அக்கா, இப்படி ஒரு பொண்ணு வந்தா. அப்பாவைக் கூட்டிக்கிட்டு கிட்னி மாத்தற ஆபரேஷனுக்குப் போறா. ஆஸ்பத்திரியில ஆறு மணிக்குள்ள வந்து சேரணும்னு சொல்லியிருக்காங்களாம்."

10. அவர் சொன்னதன் சுருக்கம் இது. அந்தக் காரில் ஆறு விழுக்காடு மட்டுமே மீதம் இருந்தது. கைப்பிடியைச் செருகினால் ஒரு நிமிடத்தில் இணைப்பு அறுந்தது. அறுந்தால் மறுபடி தொடங்க மூன்று நிமிடம் ஆனது. உதவி எண்ணில், அழைப்பு முக்கியமானது என்ற அறிவிப்பைப் பதினான்கு நிமிடம் கேட்டிருக்கிறாள். பிறகு கையால் தூக்கிப் பிடித்தால் ஓடுகிறது என்று தானே கண்டுபிடித்துவிட்டாள். தையல்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் மாற்றிப் பிடித்திருக்கிறார். புதிதாகத் தைக்கக் கடையில் பட்டை இருப்பு இல்லை; துணியால் கட்டிப் பார்த்தார், நழுவியது. கை நடுங்கினால் அறுந்தது. கடைசியில் பெரியவரும் இறங்கி வந்து பிடித்தாராம். "வேண்டாம்பா, உட்காருங்கன்னா கேக்கல. எனக்காகத்தானே பிடிக்கறீங்க, நானும் பிடிக்கறேன்ங்கறாரு." ஒன்றேகால் மணி நேரத்தில் பதினொரு விழுக்காடு ஏறியது. அதை வைத்துக்கொண்டு அடுத்த நிலையம் வரை போயினர். அங்கே வரிசை. மருத்துவமனையை அடைந்தபோது மணி 7.20. சிறுநீரகம் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போயிருந்தது.

11. முடிவில் தையல்காரர் சொன்னார்: "ஏழு தச்சேன் அக்கா. எனக்குன்னு ஒண்ணு தச்சு வச்சுக்கணும்னு தோணல பாருங்க." அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். வளையத்தைத் தைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

12. அந்தப் பெண் தன் கைப்பேசி எண்ணை அவருடைய அளவு நோட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தாள். மூன்று நாள் கழித்து அழைத்தேன். வாயிலில் "செய்யுது" என்று சொன்னவள் நான்தான் என்றேன். அவள் லிஃப்ட் பழுது பார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர். இருபது நிமிடம் கூடுதலாகும் இன்னொரு சாலையில் நான்கு இயந்திரங்கள் இருந்ததாகவும், செயலியில் 2.05-க்குச் சார்ஜ் ஆனதாகக் காட்டியதால் இந்தச் சாலைக்குத் திரும்பியதாகவும் சொன்னாள். அந்த 2.05 என்னுடையது. அவள் கோபப்படவில்லை. "நீங்க பொய் சொல்லலீங்க. உங்களுக்கு செஞ்சுது, அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "எங்க வேலையில லிஃப்ட் நின்னா, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி கதவுல போர்டை மாட்டுவோம். அதுதான் முதல் வேலை" என்றாள். அந்தச் சிறுநீரகம் வீணாகவில்லை, வேறொருவர் பிழைத்தார் என்று என் கணவர் ஆறுதல் சொல்கிறார். உண்மைதான். ஆனால் அது என் செயல் அல்ல.

13. பெரியவர் மீண்டும் பட்டியலில் இருக்கிறார். வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. அடுத்த அழைப்பு நாளையும் வரலாம், அடுத்த ஆண்டும் வரலாம். வந்தால் ஐந்து மணி நேரம்தான் தருவார்கள். அப்போதும் அவர்கள் செயலியைப் பார்த்துத்தான் சாலையை முடிவு செய்ய வேண்டும். இந்த மனுவின் அவசரம் இதுவே.

14. மார்ச் 2 அன்று செயலியில் "வேலை செய்யவில்லை" என்று பதிவு செய்தேன், குழுவிலும் அறிவித்தேன். எண்பது எழுதிய பதில்: "நம்ம சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அக்கா. இதையும் கழட்டிக்கிட்டுப் போயிட்டா நான் டாக்சிய தள்ளிக்கிட்டா சவாரி போறது?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நகரின் இந்தப் பகுதியில் அவர் பிழைப்புக்கு வேறு இயந்திரம் இல்லை. புகார் செய்தால் இருப்பதும் போய்விடும் என்ற பயத்தை எங்களுக்கு ஏற்படுத்தியது தங்கள் மஞ்சள் நாடா. அந்தப் பயத்தை விதியாக எழுதிக் கொடுத்தது நான்.

15. இயந்திரத்தின் மேல் ஒரு தாளும் ஒட்டினேன்: "கைப்பிடி தானாக வண்டியில் நிற்காது. கட்டுவதற்குப் பட்டை தையல் கடையில் கிடைக்கும்." அனுமதியற்ற சுவரொட்டி என்று தங்கள் பணியாளர் இரண்டு முறை கிழித்துவிட்டனர். மூன்றாவது ஒட்டியிருக்கிறேன்.

ஆகவே தாங்கள் அன்புகூர்ந்து,

(அ) இரண்டாம் இயந்திரத்தின் கைப்பிடியை அங்கேயே வைத்து மாற்றித் தரவும், கழற்றிச் செல்வது தவிர்க்க முடியாததானால் அதற்கு முன் முதலாம் இயந்திரத்தின் பலகையைத் திருப்பி மாட்டவும்;

(ஆ) பாதியில் அறுந்த முயற்சிகளையும் செயலியில் காட்டவும், எங்களைப் போன்றவர்களின் வெற்றியை மட்டும் வைத்துப் பச்சை காட்டாதிருக்கவும்;

(இ) நிலையத்தில் மனிதர் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி வைக்கவும்;

(ஈ) அதுவரை என் தாளைக் கிழிக்காதிருக்கவும்

உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கைப்பிடியை வேறு பொருளால் கட்டுவது தண்டனைக்குரியது என்று தங்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளது. ஓட்டுநர்மீதும் தையல்காரர்மீதும் நடவடிக்கை வேண்டாம். அளவு கொடுத்தவள் நான். என் பயனர் எண் மேலே உள்ளது. எட்டாவது பட்டை ஒன்று தைத்து அந்தப் பெண்ணுக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அது அவளுக்குத் தேவைப்படாதபடி செய்வது தங்கள் கையில் இருக்கிறது.

இடம்: நூலக வளாகம்
நாள்: மார்ச் 11

இப்படிக்கு,
(ஒப்பம்)
முதுநிலைப் பகுப்பாய்வாளர்

இணைப்புகள்:
1. குழுவில் அக்டோபர் 2 அன்று நான் எழுதியதன் நகல்.
2. பிப்ரவரி 19, பிற்பகல் 2.05 மணிக்கான என் சார்ஜிங் ரசீது.
3. துணிப் பட்டை ஒன்று, என்னுடையது. திருப்பி அனுப்ப வேண்டாம்.