பெரியப்பா வீட்டு டிவிச் சத்தம்

வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள ஹரிக்கு அம்மா எழுதுவது. அப்பாவுக்கு அந்த இயர்பட்ஸ் நன்றாகக் கேட்கிறதா என்று பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து ஒவ்வொரு போனிலும் கேட்கிறாய், ஒவ்வொரு முறையும் நான் பேச்சை மழைக்கு மாற்றிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிறது என்று சொன்னால் எதைக் கேட்கிறார் என்று அடுத்த கேள்வி வரும். அதை போனில் சொல்ல முடியாது. அப்பாவுக்குக் கேட்கும்படி பேசிப் பேசி எனக்குத் தாழ்ந்த குரல் என்பதே போய்விட்டது, நான் உன்னோடு பேசுவது பெரியப்பா வீட்டு அடுப்படி வரை போகிறது. அதனால்தான் இந்தத் தாள். எழுதி முடித்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். அந்தக் குளிரில் நீ உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத மனம் வரவில்லை.

இங்கே புரட்டாசி முடியப் போகிறது, ஒரு உழவுக்குக்கூட மழை இல்லை. மல்லி விதையும் கம்பு விதையும் சாக்கிலேயே இருக்கின்றன, எலி அவற்றைக் கண்டுபிடித்துவிட்டது, மழை இன்னும் எங்களைக் கண்டுபிடிக்கவில்லை. நரிக்குடிப் பக்கம் ஒரு பாட்டம் பெய்ததாகச் சொன்னார்கள், நான் நம்பவில்லை. அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் வரவும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்த வாரம் மின்காந்த அலைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன், நடத்தும்போது நம் வீட்டு நினைப்புதான் வருகிறது.

நீ கிளம்பும்போது அந்த டப்பாவை அப்பா கையில் கொடுத்து, போனோடு எப்படிச் சேர்ப்பது என்று காட்டிவிட்டுப் போனாய். ஸ்பின்னிங் மில் இரைச்சலில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு எதிரில் நின்று பேசினாலும் ஊருக்கு அப்பால் யாரோ பேசுவது போலத்தான் இருக்கிறது, காதுக்குள்ளேயே சத்தத்தை வைத்தால்தான் சொல் பிரிந்து கேட்கிறது. கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனில் செய்தி கேட்டார். புளூடூத் சார்ஜைத் தின்றுவிடும் என்று டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து அதை அணைத்தே வைத்தார். ஒரு நாள் நான் வந்து பார்க்கிறேன், போன் அலமாரியில் அணைந்து கிடக்கிறது, இவர் சுவரோரக் கட்டிலில் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். “அண்ணன் வீட்ல பழைய படம் ஓடுது” என்றார், தெருவில் பஸ் வருகிறது என்று சொல்வது போல.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பொங்கல் லீவில் நீ பெரியப்பா வீட்டில் கிரிக்கெட் பார்த்தாய், அவர் கண்ணயர்ந்திருக்கிறார் என்று டிவியை இயர்பட்ஸோடு சேர்த்துச் சத்தத்தை உன் காதில் மட்டும் வாங்கிக்கொண்டாய். அந்த டிவி அதை இன்னும் மறக்கவில்லை. நம் போனில் புளூடூத் அணைந்திருக்கும்போது அப்பா டப்பாவைத் திறந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் டிவி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே வீட்டை நடுவில் தடுத்துப் பிரித்ததுதானே, அண்ணன் கட்டிலுக்கும் தம்பி கட்டிலுக்கும் இடையே ஒரு செங்கல் கனம்தான். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம், அது தெரிந்தும் அப்பா போனில் புளூடூத்தை மறுபடி போடாமல் இருந்ததுதான்.

அண்ணன் தம்பி பேச்சு நின்றது உனக்குத் தெரியும், நீ மட்டும்தான் இரண்டு வீட்டுக்கும் போய்வருவாய். பெரியப்பா தன் பங்குப் புஞ்சையைச் சோலார்காரர்களுக்கு விட்டபோது பொதுக்கிணறும் வேலிக்குள் போய்விட்டது, அப்பா காளி கோயில் முன்னால் சூடத்தை அணைத்து “இனி ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டின் நல்லதுக்கும் போகவில்லை, கெட்டதுக்கும் போகவில்லை. ஆடி மாதம் பெரியப்பாவை மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நுரையீரல். அன்று போய்ப் பார்க்கும்படி நான் சொல்லிப் பார்த்தேன், ஊரில் ஆண்டிச்சாமி மாமாவும் வந்து சொன்னார், அணைத்த சூடத்தை மறுபடி யார் ஏற்றுவது என்று கேட்டு அப்பா எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாளிலிருந்து பகல் முழுக்க அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

அவர் படம் கேட்கவில்லை, ஹரி. பெரியப்பாவைக் கேட்கிறார். “வலி வந்துட்டா அவுக ஒரு சேனல்ல நிக்க மாட்டாக, மாத்திக்கிட்டே இருப்பாக. வலி விட்டா ஒரே படத்த முழுசாப் பாப்பாக” என்று என்னிடம் சொன்னார். காலையில் அவர் முகத்தைப் பார்த்தே அங்கே எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். சில நாள் ஒரு மணி நேரத்தில் பாட்டு, செய்தி, சமையல், சண்டை என்று எல்லாமே துண்டு துண்டாக ஓடும், அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இங்கே கேட்டால் அங்கே கேட்காது என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க அந்த டிவி ஊமை. திருச்சுழியிலிருந்து மெக்கானிக் வந்தான், அன்று அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார், டிவி கணீரென்று பேசியது, அவன் போனதும் அப்பா வந்து டப்பாவைத் திறந்தார், மறுபடி ஊமை. தங்கலட்சுமி பெரியம்மா சொன்னது சுவர் வழியாக எனக்கே கேட்டது: “ஏத்தா ஈஸ்வரி, ஒங்கப்பனுக்கும் இந்த டிவிக்கும் ஒரே சீக்குத்தான். வேத்தாளு வந்தா வாய் கிழியப் பேசும், நம்மளக் கண்டா மூச்சு விடாது.” ஈஸ்வரி சிரிப்பதும் கேட்டது. நானும் அடுப்படியில் நின்று சிரித்துவிட்டேன், பிறகு வெட்கமாக இருந்தது. மெக்கானிக்கை மறுபடி கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டதற்குப் பெரியப்பா வேண்டாம் என்றார், படம் தெரிகிறதே போதும் என்றார்.

அன்று மாலை நான் அப்பாவிடம், நீங்கள் மாட்டிக்கொள்வதால்தான் சாகக் கிடக்கிற மனுஷன் ஊமைப்படம் பார்க்கிறார் என்று நேராகவே சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. “அதான் பொழுது சாஞ்சதும் கழட்டி வச்சிர்றேன்ல. கெணத்துல எப்பவும் பகல் மொற எனக்கு, ராத்திரி மொற அவுகளுக்கு. அதே மாதிரிதான்” என்றார். கிணறே இல்லாமல் போன பிறகு முறை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. சண்டை போடலாம் என்றால் எதிரில் இருப்பவர் காதைக் கழற்றி டப்பாவில் வைக்கிறார்.

டப்பாவின் பின்னால் இருக்கும் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று நீ ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. பல தடவை கையில் எடுத்திருக்கிறேன். அழித்தால் பெரியப்பாவுக்குச் சத்தம் திரும்பும், அப்பாவுக்கு அண்ணன் போய்விடுவார். அழிக்காவிட்டால் இவர் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்து, பத்தடி தூரம் நடக்காமலே அவரை அனுப்பிவிடுவார். கேட்பதே போய்ப் பார்த்ததற்குச் சமம் என்று நினைத்துக்கொள்கிறார், அதுதான் எனக்கு ஆத்திரம். இது இல்லையென்றால் ஒருவேளை போயிருப்பாரோ என்னவோ. போயிருக்கவும் மாட்டார். மனிதர்கள் கடைசி நேரத்தில் திருந்துவதை நான் கதையில்தான் படித்திருக்கிறேன். நாளை சனிக்கிழமை, பள்ளி இல்லை, இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நம்பிக்கை இல்லாமல்தான் எழுதுகிறேன்.

நீ வேலைக்கு நடந்து போகும்போது இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு போகாதே, ஒரு காதையாவது திறந்து வை. ரொட்டியைத் தின்றே நாளை ஓட்டாமல் வாரத்தில் இரண்டு நாளாவது சோறு வடித்துச் சாப்பிடு.

சனிக்கிழமை மாலை

இதை நேற்று அனுப்பாமல் வைத்திருந்தேன். நீ படிப்பதற்குள் ஈஸ்வரி உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாத மிச்சத்தை மட்டும் எழுதுகிறேன்.

விடியும்போது அப்பா ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் புஞ்சைப் பக்கம் போயிருந்தார். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன், பெரியப்பா வீட்டு முன்னால் வேன் வந்து நின்றது. இத்தனை காலம் என் முகம் பாராத பெண், ஈஸ்வரி, ஓடி வந்து “சின்னம்மா, அப்பாவுக்கு மூச்சு நிக்கிது, மதுரைக்குக் கொண்டு போறோம், சித்தப்பாகிட்டச் சொல்லிருங்க” என்றாள். பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவிடம் போன் இல்லை. அவர் திரும்பி வந்து ஆட்டுக்குக் குழையைக் கட்டிவிட்டு, நான் சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டிலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். முகம் தெளிந்தது. அணைக்காமல் போன டிவி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் ஒரு காதிலிருந்து பிடுங்கிவிட்டுச் சொன்னேன். நம்பவில்லை. “சும்மா என்னையக் கெளப்பி விடுறதுக்குச் சொல்லாத. ஆளில்லாத வீட்ல எவன் பாட்டுக் கேப்பான்? இந்தா, நீயே கேளு” என்று அதை என் காதில் வைத்தார். பாட்டுத்தான், நல்ல பாட்டு. வந்து பூட்டைப் பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன், அந்த வாசல் பக்கம் திரும்ப மாட்டேன் என்று கையை உதறினார். ஈஸ்வரிக்குப் போன் போட்டுக் கொடுக்கலாம் என்றால் அவள் எடுக்கவில்லை. நானும் ஓய்ந்து அடுப்படிக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே உரக்கச் சொன்னார்: “இன்னைக்கு ஒரு தடவகூட சேனல மாத்தல. அண்ணனுக்கு வலி இல்ல.”

ஈஸ்வரி போன் செய்தபோது அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காரியாபட்டி தாண்டும்போதே முடிந்துவிட்டதாம். நான் போய் அவர் முன்னால் நின்று டப்பாவைத் திறந்து நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றைக் கழற்றி வைத்தார், பிறகு மற்றதையும் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் அந்த வாசலில் நின்றார், நிலைக்கு மேலே கையை விட்டு மாற்றுச் சாவியை எடுத்தார், அது அங்கேயே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே போனார். கதவு திறந்ததும் டிவிச் சத்தம் தெருவரை கேட்டது, பிறகு நின்றது. வெளியே வந்து “அமத்திட்டேன்” என்றார். அப்புறம் நடுவீட்டைக் கூட்டி, கட்டிலை ஒதுக்கி, தெற்கு வடக்காகப் பெஞ்சைப் போட்டார். இப்போது அந்த வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். வண்டி இன்னும் வரவில்லை.

ஒன்றை உனக்கு மட்டும் எழுதுகிறேன். தூக்கும்போது ஈஸ்வரி டிவியை அணைக்கப் போனாளாம், பெரியப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினாராம். திரும்பி வந்துவிடுவோம் என்று நினைத்தார் போல என்கிறாள் அவள். மூச்சு முட்டும்போது கை தானாக ஆடியிருக்கலாம். வேறு எதையும் நான் அதில் சேர்க்க மாட்டேன், அப்பாவிடம் இதைச் சொல்லவும் மாட்டேன். நீயும் சொல்லாதே.

நீ கிளம்பி வர வேண்டாம், வந்து சேர முடியாது. பங்காளி வீட்டுச் சாவு, செய்தி தெரிந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று உனக்கு எழுதச் சொன்னார் அப்பா. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் ஊற்றிக்கொள், வெந்நீரிலேயே ஊற்றிக்கொள். நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. இனிமேல் போனில் அந்த இயர்பட்ஸ் கேட்கிறதா என்று அப்பாவிடம் கேட்காதே.

உன் அம்மா
முனீஸ்வரி காளிராஜ்