அம்மன் வரவில்லை, பயம்தான் வந்தது

இன்று நவுசோரி மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் ஒரு புதினா மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டாள். அந்த வாசனை வந்ததும் நான் வாங்க வந்தது மறந்துபோனது. உங்கள் கவுன்சிலிங் அறையின் வாசனை அது. முதல் நாள் உங்களைப் பார்த்தபோது எனக்கு ஏளனம்தான் வந்தது. வீடு கொள்ளை போனவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், இந்த அம்மாள் மிட்டாய் சப்பிக்கொண்டு துக்கம் விசாரிக்கிறாளே என்று.

தீதி, அக்கா என்று ஹிந்தியில் அப்படித்தானே உங்களைக் கூப்பிடுவேன், நீங்கள் உயிரோடு இருந்தாலும் இதைப் படித்திருக்க முடியாது. கோயில் பாட்டுப் புத்தகத்தை வைத்து நானாகக் கற்றுக்கொண்ட தமிழ் எழுத்து இது. 'உன் ஜிலேபி எழுத்து' என்று சிரிப்பீர்கள். உங்கள் முன்னோரும் எங்களுடையவர்களைப் போல மதராஸிலிருந்து இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட வந்தவர்கள்தான். உங்களிடம் மிஞ்சியது அடுப்படித் தமிழ் கொஞ்சமும் ஹிந்தி நிறையவும்.

ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டைப் பிடித்துவைத்திருந்த அந்த நாட்களில் இந்திய வம்சத்தார் வீடுகளாகப் பார்த்துக் கொள்ளையடித்தார்கள். வுனிமோனோ கிராமத்தில் எங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். பட்டப்பகல். நான் தனியாக இருந்தேன். கரும்பு வெட்டும் கத்தியால் தகரச் சுவரை அடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றினார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் வீட்டில் டீ குடித்தவன். என் பெயரைச் சொல்லி, மரியாதையாகச் சாவி கேட்டான். மாட்டிலிருந்து மிதியடிவரை எல்லாம் போயிற்று. "மேல கை வைக்கலையே, அப்புறம் என்ன?" என்றார்கள் சொந்தக்காரர்கள். என் உடம்புக்கு அந்த நியாயம் புரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் மேளம் தொடங்கியதும் எனக்குக் கைகால் உதறிப் பல் கிட்டிப்போனது. என் கணவரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் கோயில் தலைவர். "அம்மா வந்துட்டா!" என்று அவர் கத்திய கத்தலில் என் கழுத்தில் மாலை விழுந்தது. பிறகு வெள்ளிதோறும் என் முன்னால் வரிசை நின்றது. மழையையோ மாட்டையோ கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். கேட்டதெல்லாம் விசா. ஆஸ்திரேலியா கிடைக்குமா, கனடா கிடைக்குமா? உலகத்தைக் காக்கிறவளை இமிகிரேஷன் குமாஸ்தாவாக்கினார்கள். என் உளறலுக்கு மாமா பொருள் சொன்னார். அவர் சொன்ன பொருளில் ஒருவருக்கும் விசா மறுக்கப்பட்டதில்லை.

வந்தது அவள் இல்லையென்று எனக்குத் தெரியும். சிறு வயதிலிருந்து விரதம் இருக்கிறவளுக்கு அதுகூடத் தெரியாதா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஐயோ பாவம் என்று பார்த்தவர்கள் இப்போது காலில் விழுந்தார்கள், எனக்கு அது இனித்தது. அவர்கள்மேல் எனக்கிருக்கும் இளக்காரத்தில் பாதி என்மேலும் உண்டு.

தூக்கமில்லாமல் இளைத்துப்போன என்னை ஆஸ்பத்திரி நர்ஸ்தான் உங்களிடம் அனுப்பினாள். நீங்கள் மருந்து தரவில்லை, விபூதியும் தரவில்லை. "உப்பு வாங்கினாக்கூட எழுதி வைக்கிற ஆளாம் நீ. நடுக்கம் எப்ப வருது, அதையும் எழுது" என்றீர்கள். இதற்கு ஒரு படிப்பா என்று நினைத்தாலும் எழுதினேன். அடுத்த வாரம் படித்துக் காட்டினேன். செவ்வாய், பக்கத்து வீட்டில் கூரைக்கு ஆணி அடித்தார்கள். வெள்ளி, கோயில் மேளம். ஞாயிறு, கூரையில் தேங்காய் விழுந்தது.

"ஏ பகினி," என்றீர்கள். தங்கச்சி என்பதை ஹிந்தியில் அப்படித்தான் சொல்வீர்கள். "தேங்கா மேலயும் உங்க அம்மா சவாரி பண்ணுதா?"

"சாமிய வம்புக்கு இழுக்காதீங்க."

"நான் சாமிய சொல்லல. தகரத்த சொல்றேன். அது இன்னும் உன் உடம்புல அடிச்சிட்டே இருக்கு."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். தெய்வ நம்பிக்கையில்லாத ஜென்மம் என்று பஸ் முழுக்கத் திட்டினேன். இரண்டு வாரம் உங்கள் பக்கமே வரவில்லை.

பிறகு பக்கத்துத் தோட்டக்காரி என் காலடியில் விழுந்தாள். அவளுடைய பதினெட்டு வயது மகளுக்குக் கனடாவிலிருந்து வரன். மாப்பிள்ளைக்கு ஐம்பது வயதுக்கு மேல். அவர் கூப்பிட்டுக்கொண்டால் பின்னால் குடும்பமே போகலாம். "குடுக்கலாமா தாயே?" என்றாள். அந்தப் பெண் தூணோரம் நின்று என் வாயையே பார்த்தாள். நான் நடுங்கினேன். "அடுத்த வெள்ளிக்கு அம்மா எலுமிச்சம்பழம் குடுப்பா. குடுத்தா சம்மதம்னு அர்த்தம்" என்றார் மாமா.

மறுநாளே உங்களிடம் ஓடிவந்தேன். "நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

"எதுக்கு? உனக்கு இன்னொரு மாமா வேணுமா?"

அடிக்கத் தோன்றியது எனக்கு. நீங்கள் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணப் பாத்தப்ப உனக்கு என்ன தோணிச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். சாவி கேட்டவன் எதிரில் நான் நின்றதுபோல அவள் நின்றாள் என்று சொல்லி அழுதேன். அதுவரை அந்தச் சாவியைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அதற்குப் பிறகுதான் சொல்லிக்கொடுத்தீர்கள். "நடுக்கம் வந்தா காலைத் தரையில ஊனு. கண்ணுல படறத ஒவ்வொண்ணா பேர் சொல்லு. மூச்ச மெதுவா விடு."

வெள்ளிக்கிழமை மேளம் தொடங்கியது. உடம்பு உதறியது. காலை ஊன்றினேன். விளக்கு. வேப்பிலை. மஞ்சள் துணி. மாமாவின் கையில் தயாராக எலுமிச்சம்பழம். தூணோரம் அந்தப் பெண்.

"மாமா, மேளத்த நிறுத்தச் சொல்லுங்க. அம்மா வரல. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

மேளம் நின்றது. "வாய மூடு" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் தோட்டக்காரியைப் பார்த்து, "என்னக் கேக்காத. ஒம் பொண்ணக் கேளு" என்றேன்.

அவள் மகளைக் கேட்கவில்லை. கேட்கிற ஜாதியா அது? ஆனால் உத்தரவில்லாமல் கொடுக்கவும் துணியவில்லை. கனடாக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் இப்போது நவுவாவில் டீச்சர். அவள் அம்மாவுக்கு நான் இன்றும் கனடாவைக் கெடுத்தவள்.

அதற்குப் பின்னும் ஒரு வருஷம் வியாழன்தோறும் உங்களிடம் வந்தேன். "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று சிரித்தவர்கள் எல்லாரும் பிரிஸ்பேனில் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் வாராவாரம் கவுன்சிலிங் போகிறார்களாம், பெருமையாகச் சொல்கிறார்கள். மாமாவும் அங்கேதான். அன்று எனக்கு வந்த அம்மன் அருளால்தான் தனக்கு விசா கிடைத்ததாகப் போன மாதம் போனில் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். நீங்களும்தான் என்ன? எத்தனையோ பேருக்குக் காலை ஊன்றச் சொல்லிவிட்டு, அடுத்த ஆட்சிக் கவிழ்ப்பில் மகன் கூப்பிட்டதும் நியூசிலாந்துக்கு விமானம் ஏறினீர்கள். அங்கேயே போய்ச் சேர்ந்தீர்கள் என்று உங்கள் அறையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் சொன்னாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடுக்கம் முழுசாகப் போகவில்லை. போகும் என்று நீங்கள் சொன்னதுமில்லை. வெள்ளிக்கிழமை மேளம் அடிக்கும்போது நான் வெளியே ஓடுவதில்லை. அம்மனுக்கு முன்னால் நின்று, "அம்மா, பயமா இருக்கு" என்று என் சொந்தக் குரலில் வாய்விட்டுச் சொல்கிறேன். அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள்தான் முகம் சுளித்துத் தள்ளிப்போகிறார்கள். போகட்டும், எனக்கு நிற்க இடம் வேண்டும்.