செசாரினாவின் அழுகை படத்தில் இல்லை

சாவோ லூயிஸ்,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தாலிதாவுக்கு,

இங்கே நானும் ஒஸ்மார் மாமாவும் சுகம், பின்கட்டுக் கூரை ஒழுகுவதைத் தவிர வீடும் சுகம்தான். கடலுக்கு அப்பால் போர்த்தோவின் குளிரில் நீ இருமாமல் தும்மாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இதை எழுதுகிறேன். சாவோ பாலோவில் அன்றைக்கு அந்த அறையில் நான் என்ன சொன்னேன் என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டாய். சொன்னது பெரிதாக ஒன்றுமில்லை. சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். என் படத்திலிருந்து அந்த அழுகைக் காட்சியை நீக்கிவிடச் சொன்னது அதில் அழுகிற செசாரினாதான் என்று ஒதாவியுவிடம் நான் சொல்லவில்லை. சேனலில் இந்த மாதிரிப் படங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் அவர். சொல்லியிருந்தால் மறுநாளே ஒரு ஆளை விமானத்தில் ஏற்றி அவள் வீட்டு வாசலுக்கு அனுப்பியிருப்பார். படம் எடுக்கச் சம்மதம் என்று அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வந்தவன் அதைக் காட்டி, இனிக்க இனிக்கப் பேசி, அவளை மறுபடி சரி என்று சொல்ல வைக்கப் பார்ப்பான். அதனால் பிடிவாதக்காரி, திமிர் பிடித்தவள் என்ற பெயர் என்னோடு போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தொலைபேசியில் இதைச் சொல்ல முடியாது, நீ பாதியில் குறுக்கே வருவாய். உங்கம்மாவுக்குப் பிறவியிலேயே கோணல் புத்தி என்று மாமா உனக்கு எழுதியிருப்பார், என் முகத்துக்கு நேராகவும் அதையேதான் சொல்கிறார். அதனால் கடிதம். மெயாரிம் ஆற்றுப் பக்கத்து அந்த ஊருக்கு நீ வந்ததில்லை. பபசுப் பனைக்காடு, அதன் நடுவில் முப்பது வீடு. பெண்கள் காட்டில் விழுந்த காயைப் பொறுக்கி வந்து, கோடரியின் கூர் மேலே பார்க்கும்படி தொடைக்குக் கீழே அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காயை அதன்மேல் வைத்துக் கட்டையால் அடித்து உடைப்பார்கள். கல் மாதிரிக் காய். உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து எண்ணெய், பால், ஓட்டிலிருந்து அடுப்புக்கரி. காடு யார் பெயரில் இருந்தாலும் விழுந்த காய் பொறுக்குகிறவளுடையது என்பது அவர்கள் வழக்கம். பண்ணைக்காரன் வந்து காட்டைச் சுற்றி முள்கம்பி கட்டினான், வேலிக்கு உள்ளே கிடப்பதைச் சிறைப்பட்ட காய் என்கிறார்கள். என் படம் அந்த வேலியைப் பற்றியது. ஒரு நாள் காவல்காரர்கள் செசாரினாவின் கூடையைப் பிடுங்கி, கோடரியையும் வாங்கிக்கொண்டு, அவளை வேலிக்கு வெளியே தள்ளினார்கள். அவள் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். வால்தெமீரின் கேமரா அன்றைக்கு அங்கே இருந்தது. உன் வால்தெமீர் மாமாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கை நடுங்காத மனுஷன். ஒரு நிமிடம், வெட்டே இல்லாமல் அவள் முகம். சேனலிடம் வாய்ப்புக் கேட்கும்போது மாதிரிக்கு ஒரு துண்டு அனுப்ப வேண்டும், நான் அனுப்பியது அதைத்தான். அதைப் பார்த்துத்தான் ஒதாவியு என்னைக் கூப்பிட்டார்.

நம் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். பதினேழு வயதில் உன்னைப் பெற்றேன், உனக்கு நாலு வயதாகும்போது முதல் படம் எடுத்தேன், செங்கல் சூளைப் பெண்களைப் பற்றி. இரண்டு மாமரங்களுக்கு நடுவே படுக்கை விரிப்பைக் கட்டி அவர்களுக்குத்தான் முதலில் காட்டினோம், நீ கம்பிச் சுருள்களுக்கு நடுவில் தூங்கிப்போனாய். அன்றிலிருந்து ஒரே சட்டம்தான். முடித்த படத்தை அதில் இருப்பவர்கள் பார்க்காமல் வெளியே யாருக்கும் காட்டுவதில்லை, என்னை எடுத்துவிடு என்று யார் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுவது. படகுச் சமையல்காரிகள் படத்தில் ஒருத்தி கேட்டாள், அவள் பெலேமில் வீட்டு வேலை செய்வதாகப் புருஷன் நினைத்துக்கொண்டிருந்தான். ரயில் நின்றுபோன ஊரைப் பற்றிய படத்தில் பாதிரியார் தன் தொப்பை தெரிவதாகக் கோபித்துக்கொண்டார். தொப்பையை எடுத்துவிட்டோம், குரலை மட்டும் வைத்துக்கொண்டோம், படம் அதனால் நன்றாகவே ஆனது. நான் எடுத்த படங்களை எண்ணி உன் கல்லூரித் தோழர்கள் யாரும் வியக்கப்போவதில்லை. சிறிய படங்கள், சிறிய அரங்குகள், சிலதைப் பார்த்தவர்களைவிட எடுத்தவர்கள் அதிகம். ஆனால் ஒவ்வொரு படத்தின் ஊருக்கும் என்னால் திரும்பிப் போக முடியும். போனால் சோறு போடுவார்கள். என்னைவிடப் பெயர் வாங்கினவர்களில் இப்படிச் சொல்லக்கூடியவர்கள் சிலர்தான்.

இந்தப் படத்தையும் அப்படித்தான் காட்டினோம். பள்ளிக்கூடச் சுவரில் விரிப்பு, மின்சாரத்துக்குத் தேவாலயத்திலிருந்து கம்பி. இந்தப் பெண்கள் சும்மா உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், கோடரியும் காயுமாக வந்து உடைத்துக்கொண்டே பார்த்தார்கள். படத்தில் காய் உடைக்கும் சத்தம், கீழேயும் காய் உடைக்கும் சத்தம், பேச்சு ஒன்றும் கேட்கவில்லை என்று முதலிலிருந்து மறுபடி போட வேண்டியிருந்தது. அந்த ஊரில் தங்கியிருந்த மாதங்களில் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. மனதைத் தொடுகிற எதுவாக இருந்தாலும் காய் உடைக்கும் அடி நின்றுபோகும். கதை சொன்னாலும் அப்படித்தான், வழக்குப் பேசினாலும் அப்படித்தான். அழுகைக் காட்சி வந்ததும் அத்தனை கட்டைகளும் ஒன்றாக நின்றன. பின்னால் நின்றிருந்த நான் வால்தெமீரின் கையை அழுத்தினேன், படம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது நெல்சிந்தா, செசாரினாவின் பக்கத்து வீட்டுக்காரி, வாய்த்துடுக்கு அதிகம், "ஏண்டி செசாரினா, சாவு வீட்டுல கூலிக்கு அழப் போறியா, இம்புட்டு நல்லா அழுறியே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். செசாரினா சிரிக்கவில்லை. படம் முடிகிற வரை அவள் கட்டையைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் காதால் கேட்ட மாதிரி இருக்கட்டும். "நான் அழுதது நெசந்தான் மகளே, இல்லேங்கல. அன்னிக்கு ராத்திரியே நாங்க பதினாலு பேரு போயி அந்த வேலிய அறுத்தோம், அப்ப உன் கேமராப் பொட்டி படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பண்ணக்காரன் வீட்டுலயும் டிவி இருக்குல்ல. சோத்தத் தின்னுக்கிட்டே நான் அழுறத அவன் பாப்பான். ஒருவாட்டி அழ வெச்சாச்சு, இன்னும் ரெண்டு கம்பி கட்டினா ஓடிருவாங்கன்னு நெனப்பான். அந்தச் சொகத்த அவனுக்கு நான் குடுக்க மாட்டேன். அதை எடுத்துரு." நெல்சிந்தா இப்போது கேலி செய்யவில்லை. "எடுத்துரு அக்கா, நான் வேணும்னா அவன் வாசல்ல போயி அழுதுட்டு வர்றேன், கைல கோடாலியோட" என்றாள். கட்டைகள் ஏன் நின்றன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் உருகவில்லை, அவமானப்பட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் வெட்டுமேசையில் உட்கார்ந்து படம் தொகுத்தும் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் காவல்காரன் கூடையை வாங்குகிறான், அடுத்தது விடிந்த காடு, அறுந்த கம்பி, ஒரு குரலும் இல்லை. ஒதாவியு இதைப் பார்த்துவிட்டு என்னைச் சாவோ பாலோவுக்கு வரச் சொன்னார். கெட்டவர் என்று நினைக்காதே, நிறையப் படித்தவர், என் பழைய படங்களை எல்லாம் பார்த்திருக்கிறார், நல்ல காப்பி கொடுத்தார். "ஜுசாரா, ஊர் ஊரா விரிப்பைக் கட்டிக்கிட்டு அலைஞ்சது போதும்மா, இது உன்னை எங்கயோ கொண்டுபோற படம். அந்த அழுகைதான் படமே. அது இல்லாட்டி என்ன இருக்கு, பனை மரமும் கோடாலியும்தான். யாரு உன்னைக் குழப்பினது?" என்றார். பிறகு மேசைமேல் ஒரு தாளை வைத்தார். அழுகையைத் திரும்பச் சேர்த்த படத்துக்கு நான் கையெழுத்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாடு முழுக்க ஒளிபரப்பு. இல்லையென்றால் ஒன்றுமில்லை. என் கையெழுத்து இல்லாமல் அவர்களால் அதைத் தொட முடியாது, அது ஒன்றுதான் ஒப்பந்தத்தில் எனக்கு மிச்சமிருந்த பிடி. யார் குழப்பியது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. காப்பியைக் குடித்து முடித்தேன். விமானத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு நிமிஷம்தானேம்மா, நாடு முழுக்கப் பாக்குமே என்கிறாய். நாடு முழுக்கப் பார்க்கும்போது அந்தப் பண்ணைக்காரனும் பார்ப்பான் தாலிதா. நீ மருத்துவமனையில் வேலை செய்கிறவள், ஒரு நோயாளி தன் உடம்பை யார் பார்க்கலாம் என்று சொன்னால் அதை மீறுவாயா? இத்தனை பேருக்குப் பயன்படும் என்று பேராசிரியரே சொன்னாலும் திரையை இழுத்து மூடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அழுகிற ஏழைப் பெண்ணைப் பார்த்தால்தான் மனம் இளகும் என்றால் அந்த மனம் இளகாமலே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வயது முப்பத்தொன்பது, இன்னும் பத்துப் படம் எடுப்பேன், ஒன்றுகூட அவர்கள் சேனலில் வரவில்லை என்றாலும் எடுப்பேன். இந்தப் படத்தை என்ன செய்வாய் என்று ஒஸ்மார் மாமா கேட்கிறார். பெண்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். வேலி கட்டியிருக்கிற மற்ற ஊர்களுக்கெல்லாம் எடுத்துப்போகப் போகிறோம். நெல்சிந்தாவின் மருமகன் மீன் வண்டி தருகிறான், வண்டியில் மீன் வாடை போகாது, விரிப்பும் அதே வாடை அடிக்கும், பரவாயில்லை.

பிழைப்புக்கு என்ன வழி என்று கவலைப்படாதே, மாலை வகுப்புகள் எடுக்கிறேன். நீ விட்டுப்போன புத்தகங்களில் ஈரம் ஏறாமல் வாரம் ஒருமுறை வெயில் காட்டுகிறேன், அப்படியே ஒவ்வொன்றாகப் படித்தும் விடுகிறேன், ஓரத்தில் நீ பென்சிலால் எழுதினதை மட்டும் படிப்பதில்லை. நேற்றுப் புளிச்சக்கீரையும் காய்ந்த இறாலும் போட்டுச் சோறு ஆக்கினேன், நீ இல்லாமல் மாமாவே பானையைக் காலி செய்தார், அப்புறம் என் கோணல் புத்தியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அங்கே ரொட்டியும் காப்பியுமாக நாளை ஓட்டாதே, பருப்பாவது வேகவை. அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லி ஒரு வருடமாகிறது. இரவுப் பணி முடிந்து தனியாக நடந்து வராதே, வண்டி பிடி.

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், உன் கைபடும் நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், யார் முன்னாலும் நீ தலை குனியாமல் இருக்கவேண்டும். பல்லை மறக்காதே.

என்றும் உன் அம்மா,
ஜுசாரா

இந்தக் கடிதம் தபாலில் போகாமல் ஒரு வாரம் மேசையிலேயே கிடந்துவிட்டது, அதனால் இதையும் சேர்க்கிறேன். புதன்கிழமை ஒதாவியு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். அப்படியும் விடாமல் வெள்ளிக்கிழமை அவருடைய ஆள் ஒருவர் எப்படியோ விசாரித்துக்கொண்டு செசாரினாவின் வீட்டுக்குப் போனார். அவள் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருக்கிறாள், அழுகையைத் திரும்பச் சேர்க்கலாமா என்று அவர் கேட்டதும் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறாள், அவர் சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். படம் தொலைக்காட்சியில் வரவில்லை.