அத்தையின் தென்னைக்கு உப்புத் தண்ணீர்

கொலராடோ
1.3.1999

நைனாவுக்குப் புருஷோத்தமன் வணங்கி எழுதுவது. நான் நலம். அம்மாவின் மூட்டுவலிக்கு நகரி டாக்டரிடம் மறுபடி காட்டினீர்களா?

இங்கே மலையடி ஊற்றுகள் கலந்து ஆறே உப்பாகிறது. அந்த ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடித்து வேறு பக்கம் திருப்புவதுதான் எங்கள் கம்பெனி வேலை. போன வாரம் பாட்டிலில் பிடித்ததை, நீங்கள் கிணற்றில் செய்வதுபோல், பழக்கத்தில் நாக்கில் வைத்துவிட்டேன். உப்போடு வேறு என்னென்ன கலந்திருக்குமோ என்று மேனேஜர் பதறி ஆஸ்பத்திரிக்கே அழைத்துப்போனார். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

அன்று மாலை நடந்த கூட்டத்தில், ஆற்றின் கீழே பண்ணை வைத்திருப்பவர் எழுந்தார். "உப்பை எடுங்கள், சந்தோஷம். கூடவே தண்ணீரும் போகிறதே, அது என் பங்கு இல்லையா?" என்றார். எனக்குக் கீழ்க்கழனி ரத்தினம்மா அத்தை ஞாபகம் வந்தது.

கார்த்திகையில் லீவுக்கு வந்தபோது, நம் நெல்லுக்காக ஓடையிலிருந்த உவர் ஊற்றைக் களிமண் போட்டு அடைத்தேனே, அத்தை கரையில் நின்று, "அப்பால கீழ இன்னாடா வரும்?" என்று கேட்டார். "நல்ல தண்ணி வரும், அத்தே" என்றேன். அப்போது மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாசியில் அந்த ஊற்றை விட்டால் ஓடையில் வேறு தண்ணீர் ஏது? அவருடைய தென்னைகள் அதைக் குடித்துத்தான் நின்றன.

அடைப்பை எடுத்துவிடுங்கள், நைனா. நம் கழனி ஓரமாகத் தனி வாய்க்கால் வெட்டி அவர் தோப்புக்கு விடுங்கள். அவராக வந்து கேட்கமாட்டார்.

வீட்டுப் பேச்சை ஒரு கேசட்டில் பிடித்து அனுப்புங்கள். மோட்டார் சத்தம் சேர்ந்து விழுந்தாலும் பரவாயில்லை. தபால் வண்டி வந்துவிட்டது. தென்னை இன்னும் பச்சையாக இருக்கிறதா என்று முதலில் எழுதுங்கள்.

உங்கள் மகன்,
புருஷோத்தமன்