கப்பல் எந்தப் பக்கம் சுற்றும்?

பௌர்ணமிக்கு மறுநாள், வெள்ளி

ஒரு சொகுசுக் கப்பல் கம்பெனி புதிதாக இரண்டு கப்பல்கள் விடுகிறது. பணக்காரர்களுக்கு இருக்கிற கப்பல்கள் போதவில்லையாம். அவர்களுடைய இந்தக் கஷ்டத்தால் என் மகள் வாணிக்குக் கப்பலில் கேக் செய்கிற வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலம்தான் தகவல் வந்தது.

என் மனைவி கமலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் சம்மதிக்காமல் இந்த வீட்டில் யாரும் பக்கத்து ஊர் வேங்கிக்காலைக்கூடத் தாண்ட முடியாது.

"கப்பல் எங்கடி போவுது?"

"எங்கயும் இல்லம்மா. தீவுங்களைச் சுத்திட்டு, கெளம்பின எடத்துக்கே வந்துடும்."

"இதுக்கா ஜனங்க காசு குடுக்குறாங்க?"

"நீ மாசாமாசம் மலையைச் சுத்துறியே, எங்க போய்ச் சேர்ற?"

கமலா தன் காலைப் பார்த்தாள். நேற்று கிரிவலம் போன வீக்கம் இன்னும் வடியவில்லை. நான் காலையிலேயே படித்து முடித்த பேப்பரை மறுபடி படித்தேன்.

"வலமாத்தான சுத்தும்?"

"வலமாத்தாம்மா."

"அப்ப சரி. போய்ட்டு வா."

வாணி குதித்ததில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கமலா கேசரி கிண்டினாள். சர்க்கரை ஜாஸ்தி. மூன்று பேரும் சட்டியை வழித்துத் தின்றோம்.

படுக்கப் போகும்போது வாணியின் போனில் கப்பல் போகும் வழியைப் பார்த்தேன். இடமாகத்தான் சுற்றுகிறது. போனைத் தலைகீழாகப் பிடித்தேன். அப்போதும் இடம்தான். பீரோக் கண்ணாடியில் காட்டினேன். வலம்.

கமலா கேட்டால் பீரோ முன்னால் நிற்க வைத்துத்தான் காட்ட வேண்டும்.